தானாக நிரம்பும் தேதி

கிள்ளானில் டயாலிசிஸ் மெஷினுக்காகக் காத்திருந்தவர்கள் எல்லாரும் 1899ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 30ஆம் தேதி வந்து பெயர் கொடுத்தார்கள் என்று கம்ப்யூட்டர் சொன்னது. ஒருவர் இருவர் என்றால் கைப்பிசகு என்று விட்டுவிடலாம். அத்தனை பேருமா? அந்த வருஷத்தில் அவர்களில் பாதிப் பேருடைய முன்னோர் கப்பலே ஏறியிருக்க மாட்டார்கள். ரத்தத்தை மெஷின் வைத்துச் சுத்தம் செய்யலாம் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் பைத்தியம் என்று கட்டிப்போட்டிருப்பார்கள். கம்ப்யூட்டருக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. கொஞ்சமும் கூச்சமில்லாமல் ஒன்றன்கீழ் ஒன்றாக அதே தேதியைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

ரமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். அதேதான். பெயர் பதியும் அந்தப் பாரத்தை, அதாவது படிவத்தை, கம்ப்யூட்டரில் செய்து வைத்தவள் வேறு யாருமில்லை, அவளேதான்.

முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும். தொண்ணூற்றேழாம் வருஷம். ஒரு தர்ம சங்கம் கிள்ளானில் கடைவீடு ஒன்றின் கீழ்த்தளத்தைப் பிடித்து, ஏழைகளுக்கு இலவசமாக டயாலிசிஸ் செய்துவந்தது. மெஷின்கள் கொஞ்சம், வேண்டியவர்கள் ஏகப்பட்ட பேர். அங்கே ஒரு நாற்காலி காலியாக வேண்டுமென்றால், அதில் உட்கார்ந்திருந்தவருக்கு யாராவது கிட்னி கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர் போய்ச் சேர வேண்டும். பெரும்பாலும் இரண்டாவதுதான் நடந்தது. காலியானால் அது யாருக்கு? முதலில் பெயர் கொடுத்தவருக்கு. சிபாரிசு கிடையாது, சொந்தக்காரன் கிடையாது, பெரிய மனிதர் கடிதம் கிடையாது. தலைவர் பாலசுந்தரம் இதைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். நல்ல விதிதான், குறை சொல்ல முடியாது.

பாலசுந்தரமும் குறை சொல்லக்கூடிய ஆளில்லை. யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம். அரசாங்கத்தில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். தினமும் காலையில் பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து சொந்தக் காரில், சொந்தப் பெட்ரோலில் வருவார். சங்கத்துக் காசில் ஒரு டீ குடித்தது கிடையாது. இரண்டே பலவீனம். ஒன்று, எதுவும் எழுத்தில் இருக்க வேண்டும். இன்னொன்று, எதையும் நல்ல நாள் பார்த்துத்தான் தொடங்க வேண்டும்.

யாரோ ஒரு புண்ணியவான் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தார். சங்கத்தின் ஒரே குமாஸ்தாவான ரமணி பிரிக்பீல்ட்ஸில் மாலை வகுப்புக்குப் போய், பட்டியல் போடும் அக்சஸ் புரோகிராமைக் கற்றுக்கொண்டு வந்தவள். "காத்திருக்கிறவங்க கார்டு எல்லாத்தையும் இதுல ஏத்திடலாம் சார், ஒரு பட்டன அமுக்கினா வரிசையா வந்துடும்" என்றாள். பாலசுந்தரத்துக்கு வாயெல்லாம் பல்.

"வெரி குட். விஜயதசமிக்கு ஸ்டார்ட் பண்ணுவோம். எல்லார் பேரும் அந்தத் தேதியில ஏறட்டும், ரமணி. நல்ல நாள். அவங்களுக்கும் நல்லது நடக்கும்."

"அவங்க வந்து பேர் குடுத்த தேதி, சார்?"

"அதுதான் கார்டுல இருக்கே. வேணும்ங்கறப்போ பாத்துப் போட்டுக்கலாம்."

ரமணிக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன். தேதிப் பெட்டி தானாக நிரம்பிவிட்டால் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு தட்டு மிச்சம். பாரத்தில் அந்தப் பெட்டிக்கு டிஃபால்ட் என்று ஓர் இடம் உண்டு. நாம் எதுவும் தட்டாவிட்டால் அங்கே எழுதி வைத்திருப்பது தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அதில் 11/10/97 என்று போட்டாள். தானாக நிரம்புவதை எதற்கு முழித்து முழித்துப் பார்ப்பது என்று பெட்டியைத் திரைக்குக் கீழே தள்ளியும் வைத்துவிட்டாள். பிறகு பெயர், அடையாள அட்டையின் ஐ.சி. நம்பர், டெலிபோன் நம்பர் என்று கார்டு கார்டாக ஏற்றினாள். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சரிபார்த்தாள், கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும்.

சரஸ்வதி பூஜைக்கு முன்னால் இடத்தைத் துப்புரவு செய்தபோது இன்னொரு காரியமும் நடந்தது. கார்டுப் பெட்டியில் இருப்பவர்கள் கார்டும் இறந்தவர்கள் கார்டும் கலந்து கிடந்தன. பூஜை போடும் அறையில், புதுக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில், செத்தவர்கள் பெயர் இருக்கக் கூடாது என்று பாலசுந்தரத்துக்குப் பட்டது. எது இருப்பவர் கார்டு, எது போனவர் கார்டு என்று பிரித்துக்கொண்டிருக்க நேரமில்லை. எல்லாம்தான் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டதே! பின்சந்தில் எண்ணெய் டிரம்மில் போட்டுக் கொளுத்தச் சொன்னார். கடலுக்கு அந்தப் பக்கம் காடுகள் எரிந்து, ஊரே புகைமூட்டத்தில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த நேரம் அது. வெளியில் நெருப்பு வைக்கக் கூடாது என்று அரசாங்கம் கத்திக்கொண்டிருந்தது. "அந்தப் புகையில இந்தப் புகை எவனுக்குத் தெரியப் போகுது" என்றார், வாழ்நாளில் ஒரு சட்டத்தையும் மீறாத அந்த மனிதர். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தவள் ரமணிதான். பெயர் கொடுத்த தேதி அந்தக் கார்டுகளில் மட்டும்தான் இருக்கிறது என்பது அவளுக்கு ஞாபகம் வரவில்லை. தலைவருக்கும் வரவில்லை. மறுநாள் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் அறுத்து, கற்பூரம் காட்டி, எல்லாரும் சுண்டல் சாப்பிட்டார்கள்.

தீபாவளி கழிந்தது. பக்கிரிசாமி என்று ஒரு லோரி டிரைவர், ரொம்ப நாளாக அங்கே வந்துகொண்டிருந்தவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை இறந்துபோனார். நாற்காலி ஒன்று காலியானது. "லிஸ்ட் எடு, ரமணி" என்றார் பாலசுந்தரம். ரமணி பட்டனை அமுக்கினாள். அப்போதுதான் 1899 வந்து நின்றது.

அவள் உடனே பிரிக்பீல்ட்ஸ் வாத்தியார் தம்புசாமிக்குப் போன் போட்டாள்.

"டிஃபால்ட்ல என்னா போட்ட?" என்று கேட்டார் அவர்.

"பதினொண்ணு ஸ்லாஷ் பத்து ஸ்லாஷ் தொண்ணூத்தேழு, சார்."

"ரெண்டு பக்கமும் ஹேஷ் குறி போட்டியா?"

"இல்லியே சார்."

தம்புசாமி சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு ரமணிக்கு அழுகை வந்தது. "ஐயோ, குறி போடலன்னா அது தேதி இல்லலா. வகுத்தல் கணக்கு. பதினொண்ண பத்தால வகு, வந்தத தொண்ணூத்தேழால வகுன்னு சொல்லியிருக்க. அதுவும் சொன்னபடி வகுத்து, பூஜ்யத்துக்குப் பக்கத்துல ஒரு துக்கடா நம்பர வெச்சிருக்கு. அக்சஸ் நாள் எண்ண ஆரம்பிக்கிற பூஜ்யம் அந்த டிசம்பர் முப்பதுதான். குறியப் போடு, சரியாயிடும்."

ரமணி குறியைப் போட்டாள். புதிதாக ஒரு வெற்றுப் பாரத்தைத் திறந்து பார்த்தால், அக்டோபர் பதினொன்றுக்குப் பதிலாக நவம்பர் பத்து என்று காட்டியது. கம்ப்யூட்டரை விற்றவன் அமெரிக்கக்காரன் வழக்கப்படி மாதத்தை முன்னால் வைத்து அமைத்துவிட்டுப் போயிருந்தான். அதைத் தேடிக் கண்டுபிடித்து மாற்றினாள். இப்போது விஜயதசமி ஒழுங்காக வந்தது. அப்பாடா என்று பழைய ஆட்களைத் திறந்தாள். அவர்கள் எல்லாரும் 1899லேயே நின்றுகொண்டிருந்தார்கள். மறுபடி போன்.

"டிஃபால்ட்டு இனிமே வர்றவங்களுக்குத்தான், ரமணி. ஏற்கனவே உள்ள வந்தவங்கள அது திரும்பிப் பாக்காது. பழசுக்கெல்லாம் கார்ட பாத்து நீதான் கையால போடணும். கார்டு வெச்சிருக்கில்ல?"

ரமணி "சரி சார்" என்று மென்று முழுங்கிவிட்டுப் போனை வைத்தாள். எழுந்து பின்சந்துக்குப் போனாள். எண்ணெய் டிரம்மில் மழைத்தண்ணீர் தேங்கிக் கறுப்பாகக் கிடந்தது. ஒரு குச்சியை விட்டுக் கிண்டிப் பார்த்தாள். என்ன கிடைக்கும் என்று நினைத்தாளோ, அவளுக்கே தெரியாது. சாம்பல் கரைந்து கூழாகியிருந்தது.

பாலசுந்தரத்திடம் சொன்னதும் அவர் முகம் சுண்டிப்போயிற்று. "எல்லாத்துக்கும் விஜயதசமியே போட்டுடு. நாம நெனச்சது அதுதானே" என்றார். ரமணி போட்டாள். எல்லாருக்கும் ஒரே தேதி என்றால் கம்ப்யூட்டர் எதை வைத்து வரிசைப்படுத்தும்? பெயரை வைத்து, இங்கிலீஷ் எழுத்து வரிசையில். முதல் ஆளாக அய்யாவு வந்தார், அவர் பெயர் 'ஏ'யில் ஆரம்பிப்பதால். கடைசி ஆளாக வள்ளியம்மா வந்தாள், அவள் பெயர் 'வி'யில் ஆரம்பிப்பதால். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயருக்கு இப்படியும் ஒரு தண்டனை உண்டா!

அந்த லிஸ்ட்டைப் பார்த்ததும் ரமணிக்கு மனம் ஆறவில்லை. அந்த நாற்காலி யாருக்குப் போக வேண்டும் என்று அவளுக்குச் சந்தேகமில்லாமல் தெரியும். அவள் இந்த வேலைக்கு வந்தது ஏப்ரலில், சித்திரை வருஷப் பிறப்பு முடிந்த கையோடு. வந்த முதல் நாள் அவள் எழுதிய முதல் கார்டு வள்ளியம்மாவுடையது. அதற்கு முன்னால் பெயர் கொடுத்தவர்கள் எல்லாரும் நடுவில் வந்த இரண்டு புது டயாலிசிஸ் மெஷின்களில் இடம் பிடித்துவிட்டார்கள். இனி வள்ளியம்மாதான். அய்யாவோ செப்டம்பரில், புகைமூட்டத்தின்போது, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, மகனுடைய காரில் வந்து இறங்கியவர். எத்தனை மாதம் வித்தியாசம்!

வள்ளியம்மாவை ரமணி ஒரே தடவைதான் பார்த்திருக்கிறாள். அவள் புருஷன் கன்னையாதான் செவ்வாய்க்கிழமை தோறும் ஜெஞ்சாரோமிலிருந்து பஸ் ஏறி வந்து கேட்டுவிட்டுப் போவார். தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு ஃபேக்டரியில் ஜாகா வேலை, ராத்திரிக் காவல். செவ்வாய் அவருக்கு லீவு. வீட்டில் போன் கிடையாது. கையில் காசு புரளும்போது மனைவியைத் தனியார் இடத்துக்குக் கூட்டிப்போய் டயாலிசிஸ் செய்வார். புரளாதபோது, மூச்சு முட்டும்வரை பொறுத்திருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார். "படுக்க முடியலமா அவளால. உக்காந்துக்கிட்டே தூங்குறா. கால் ரெண்டும் பூசணிக்கா மாதிரி ஆயிருச்சி" என்பார். குரலை உயர்த்த மாட்டார். இடம் இல்லை என்றால், "பரவால்லமா, கம்ப்யூட்டர்ல இருக்கில்ல, வரட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போவார். கம்ப்யூட்டர் வந்ததிலிருந்து அவருக்கு அதன்மேல் அப்படி ஒரு நம்பிக்கை.

ரமணி இதையெல்லாம் பாலசுந்தரத்திடம் கொட்டித் தீர்த்தாள்.

"எழுத்துல இருக்கா?" என்று கேட்டார் அவர்.

"நாமதானே சார் கொளுத்துனோம்."

"உன் ஞாபகத்த வெச்சி ஒருத்தருக்கு உயிரக் குடுத்து இன்னொருத்தருக்கு இல்லைங்கவா? நாளைக்கே நீ உனக்குத் தெரிஞ்ச ஆளுக்குப் பண்ணிட்டன்னு பேசுவாங்க. அய்யாவு மகன் சும்மா இருப்பானா?"

சொன்னாரே தவிர அவருக்கும் உறுத்தியது. எழுத்து வரிசைப்படி உயிர் கொடுக்கிற அளவுக்கு அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

"எல்லாரையும் கேப்போம். எப்ப வந்து பேர் குடுத்தீங்கன்னு அவங்களே சொல்லட்டும். ஆனா தேதி தொலைஞ்சிருச்சின்னு மூச்சு விடக் கூடாது, தெரிஞ்சா அவனவன் போன வருஷம்னு அடிச்சி விடுவான். 'சும்மா கன்ஃபர்ம் பண்றோம்'னு கேளு. நான் பக்கத்துல இருப்பேன். நீ எடுத்துக் குடுக்கக் கூடாது. அவங்க என்ன சொல்றாங்களோ அதப் போடு."

இரண்டு நாள் ரமணி போனும் கையுமாக இருந்தாள். யார் நாள்காட்டி பார்த்துப் பெயர் கொடுத்தார்கள்? "தீமிதி முடிஞ்ச மறு வாரம்மா." "சின்னவளுக்குப் பரீட்ச நடந்துச்சே, அப்ப." "மழைல நனைஞ்சிக்கிட்டு வந்தேன், உங்களுக்கு ஞாபகம் இல்ல?" நாள்காட்டியைப் புரட்டிப் புரட்டி அவள் தேதி போட்டாள். சில பேர் வேறு இடம் கிடைத்துப் போயிருந்தார்கள். பந்திங்கில் ஒரு வீட்டில் போனை எடுத்த பெண், "அவரு போயி மாசமாச்சி. உங்களுக்கு இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா?" என்று கேட்டுவிட்டு வைத்தாள். ரமணி அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை.

அய்யாவு வீட்டில் மகன் பேசினான். "எங்கப்பாவா? வெசாக்குக்கு முந்தின நாளு. நல்லா ஞாபகம் இருக்கு" என்றான். வாய் கூசாமல் மே மாதத்துப் புத்தர் பிறந்தநாளுக்கே போய்விட்டான். ரமணி கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டுத் தலைவரைப் பார்த்தாள். "அவரு புகைமூட்டத்துல வந்தவரு சார், துணி கட்டிக்கிட்டு" என்றாள், போனைப் பொத்திக்கொண்டு.

"அவங்க சொல்றதப் போடு" என்றார் பாலசுந்தரம், மெதுவாக.

போட்டாள். மற்றவர்கள் எல்லாரும் மேக்குப் பிறகுதான் வந்தார்கள். சரி, எவன் எந்தப் பொய்யைச் சொன்னால் என்ன, ஏப்ரலை எவனும் தொடவில்லை என்று ரமணி மனதைத் தேற்றிக்கொண்டாள். கன்னையா வந்து சித்திரை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட வந்தது. செவ்வாய்க்கிழமைக்காகக் காத்திருந்தாள்.

கன்னையா வந்தார். ராத்திரி வேலை முடிந்து அப்படியே வந்திருந்தார், காவல்காரக் காற்சட்டையோடு. கண்கள் சிவந்திருந்தன. மனைவியின் ஆஸ்பத்திரிக் காகிதங்களை வைத்திருக்கும் பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பாலசுந்தரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் அமர்ந்தார். பெரிய மனிதர் வந்து உட்கார்ந்ததும் கன்னையாவுக்கு உடம்பெல்லாம் விறைத்துக்கொண்டது.

"சும்மா ஒரு கன்ஃபர்மேஷன்தான் அங்கிள்" என்றாள் ரமணி. "ஆன்டி பேர எப்ப வந்து குடுத்தீங்க?"

கன்னையா அவளைப் பார்க்கவில்லை, கம்ப்யூட்டரைப் பார்த்தார். "அதுல இருக்கில்லமா?"

"இருக்கு, இருக்கு" என்று பாலசுந்தரம் குறுக்கே விழுந்தார். "நீங்க சொல்றது சரியா இருக்கான்னு பாக்கத்தான்."

வாழ்க்கையில் பொய்யே சொல்லாத மனிதர், முன்பு சட்டத்தை மீறியதுபோல் இதையும் சொல்லிவிட்டார். கன்னையா நிமிர்ந்து உட்கார்ந்தார். பரீட்சைக்குப் போன பிள்ளை மாதிரி நெற்றியைச் சுருக்கி யோசித்தார்.

"மொதமொதல்ல வந்தது சித்திர வருஷப் பொறப்பு கழிச்சி."

ரமணியின் விரல் கீபோர்டுக்குப் போயிற்று.

"ஆனா அது கணக்குல வராதும்மா."

"வரும் அங்கிள், அதுதான்..."

பாலசுந்தரம் தொண்டையைச் செருமினார். ரமணி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கி டாக்டர் லெட்டர் இல்லாம வந்துட்டேன் சார்" என்று கன்னையா தலைவரிடம் விளக்கினார். "இந்தத் தங்கச்சிதான் கார்டு எழுதிட்டு, லெட்டர அப்புறம் கொண்டாங்கன்னு சொன்னாங்க. லெட்டர் கைக்கு வரவே நாளாயிருச்சி. ஆடி பொறந்து ரெண்டாவது செவ்வாக்கெழம கொண்டாந்து குடுத்தேன். அதுதான் சரியான தேதி."

ஆடி! ஜூலை மாதக் கடைசி! ரமணிக்குத் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டது போல் இருந்தது. ஐயா, யார் உன்னிடம் லெட்டரைக் கேட்டது? சித்திரையோடு வாயை மூடிக்கொண்டு எழுந்து போயேன்! கார்டு எழுதிய நாள்தான் கணக்கு, லெட்டர் எப்போது வந்தால் என்ன? எல்லாம் நெஞ்சு வரைக்கும் வந்தது. பக்கத்தில் தலைவர். அவள் கன்னையாவின் கண்ணைப் பிடிக்கப் பார்த்தாள். அவர் கண் கம்ப்யூட்டரை விட்டு அகலவில்லை.

பாலசுந்தரத்துக்கும் புரிந்துவிட்டது. அவர் மனம் கேட்கவில்லை. தான் போட்ட விதியைத் தானே கொஞ்சம் வளைத்து, ஒரு கதவைத் திறந்து விட்டார். "மிஸ்டர் கன்னையா, நல்லா யோசிச்சிச் சொல்லுங்க. கார்டு எழுதுன நாளா, லெட்டர் குடுத்த நாளா? எதப் போடணும்னு நெனைக்கிறீங்க?"

அதைக் கேட்டதும் கன்னையா உஷாராகிவிட்டார். தன்னைச் சோதிக்கிறார்கள் என்றே முடிவு கட்டிவிட்டார்.

"லெட்டர் குடுத்த நாள்தான் சார். ஃபேக்டரியில ராத்திரி சுத்தி வர்றப்போ, மூலைக்கு மூலை சாவி தொங்கும். அந்தச் சாவியப் போட்டு கைல இருக்கிற கடிகாரத்துல ஒரு குத்துக் குத்தணும். என்கூட இருந்த ஆளு, படுத்துத் தூங்கிட்டு எல்லாம் குத்திட்டேன்னு சொன்னான். காலைல ஆபீஸ்ல கடிகாரத்தத் தொறந்து பாத்தாங்க. அன்னிக்கே வேல போச்சி. மெஷின்கிட்ட கத விடக் கூடாது சார். அதுல என்ன இருக்கோ அதத்தான் நாமளும் சொல்லணும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். கேள்விக்குச் சரியான பதில் சொல்லிவிட்ட திருப்தி முகத்தில் தெரிந்தது. "சரியா இருக்காம்மா?" என்றார்.

ரமணி நாள்காட்டியைப் புரட்டித் தேதியைத் தட்டினாள். திரையில் எழுத்து கலங்கியது. வள்ளியம்மாவின் பெயர் மேலே வந்து, நாலைந்து பேருக்குக் கீழே நின்றுகொண்டது. கன்னையா எழுந்து, "வரேம்மா, வரேன் சார்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் ரமணி அழுதுவிட்டாள். "கார்டுல நான் ஏப்ரல்னுதான் சார் எழுதுனேன். சத்தியமா."

"எழுதியிருப்ப. நான் நம்புறேன்" என்றார் பாலசுந்தரம். அவர் குரலே இறங்கிப்போயிருந்தது. "ஆனா அந்த ஆளே என் முகத்தப் பாத்து இல்லன்னு சொல்லிட்டுப் போறான். கேட்ட எல்லார்கிட்டயும் அவங்க சொன்னதப் போட்டோம். இவனுக்கு மட்டும் மாத்தினா அது என்ன நியாயம்? நான் என்ன செய்ய, ரமணி, நீயே சொல்லு."

ஒரு பட்டன், ஒரே ஒரு எண், ரமணியின் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஏழாம் மாதத்தை நாலாம் மாதமாக மாற்ற ஒரு விநாடி போதும். கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். தலைவர் லிஸ்ட்டில் கையெழுத்துப் போட்டார். பெயரும் தேதியுமாக அதைப் பலகையில் குத்தினார்கள்.

மறுநாளே அய்யாவு வந்தார். வரும்போது அவரைத் திட்ட வேண்டும் என்றுதான் ரமணி காத்திருந்தாள். மகன் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டு வந்த அந்தக் கிழவருக்கு முகமெல்லாம் வீங்கி, கண் சிறுத்துப்போயிருந்தது. மகன் என்ன சொல்லி இடம் பிடித்தான் என்று அவருக்குத் தெரிந்த மாதிரியே இல்லை. நாற்காலியில் சாய்ந்ததும், "நல்லா இருப்பம்மா நீ" என்று அவளைப் பார்த்துச் சொன்னார். இந்த ஆளை எழுந்திருங்கள் என்று யார் சொல்ல முடியும்? அவளால் முடியவில்லை.

அதற்கடுத்த செவ்வாய் கன்னையா வந்தார், இடமில்லை என்றதும் பரவாயில்லை என்றார். அதற்கும் அடுத்த செவ்வாய் அவர் வரவில்லை. லீவு மாறியிருக்கும் என்று ரமணி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பஸ் வரும் நேரத்தில் வாசலை எட்டி எட்டிப் பார்த்தாள்.

பிறகு ஒரு நாள் வந்தார், அது செவ்வாய்க்கிழமைகூட இல்லை. மீசை மழித்திருந்தது. காவல்காரக் காற்சட்டைக்குப் பதிலாக வேட்டி. அதே இடத்தில் உட்கார்ந்தார். கையில் பை இல்லை. ரமணிக்குப் புரிந்துவிட்டது. எதிர் மேசையிலிருந்த பாலசுந்தரம் எழுந்து வந்து அவர் தோளைத் தொட்டுவிட்டு மறுபடி போய் உட்கார்ந்துகொண்டார்.

"அவ பேர எடுத்துடுங்கம்மா" என்றார் கன்னையா. "அடுத்தவங்க காத்துக்கிட்டு இருப்பாங்க. அதச் சொல்லத்தான் வந்தேன்."

ரமணி பெயரைத் தேடினாள். விரல் சரியான இடத்தில் விழவில்லை. நிச்சயமாக எடுக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆமாம் என்றாள். பெயர் போயிற்று.

கன்னையா எழுந்திருக்கவில்லை. வேட்டி நுனியை விரலில் சுற்றினார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்மா. அன்னிக்கி நான் ஆடின்னு சொன்னேனில்ல, இதுல இருந்ததும் அதானே?" என்றார். "பையன் என்கூடப் பேச மாட்டேங்கறான். சித்திரன்னு சொல்லியிருந்தா அம்மாவுக்கு எடம் கெடச்சிருக்குமேங்கறான். டேய், அதுல ஏற்கனவே தேதி இருக்குடா, நான் என்னா சொன்னாலும் அது மாறாதுடான்னு சொல்றேன், கேக்க மாட்டேங்கறான். நீங்க பாத்தீங்க இல்ல, அதான் கேக்குறேன்."

எதிர் மேசையில் பாலசுந்தரம் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆமா அங்கிள்" என்றாள் ரமணி. "அதேதான் இருந்துச்சி. நீங்க என்ன சொல்லியிருந்தாலும் மாறியிருக்காது."

கன்னையா மூச்சை விட்டார். "அப்ப சரிம்மா" என்று எழுந்தார். "பையன்கிட்ட சொல்லிடறேன்."